இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் கன்ட்ரி டான்ஸ் இசை: கேட்கவும் ஆடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் கன்ட்ரி டான்ஸ் இசையை முதல் தடவை கேட்கும் நம்மவர்களில் பலர் இரண்டாவது நிமிடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். மெட்டு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதையே எட்டு தடவை, பத்து தடவை வாசிக்கிறார்களே என்பார்கள். ராகம் விரிய வேண்டும், சங்கதி ஏற வேண்டும் என்று பழகிய காதுக்கு அது நியாயமான குறைதான். எனக்கும் அந்தக் குறை இருந்தது. ஓர் அக்டோபர் இரவில், ஜோடிகள் எதிரெதிரே நிற்கும் அந்த நடன வரிசையில் நின்று ஆடியபோதுதான் விஷயம் புரிந்தது. மெட்டு திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் நான் ஓரிடம் தள்ளி நின்றேன், எதிரே புதிதாக இருவர் நின்றார்கள். அவர்களோடு அதே மெட்டு முதல் தடவை போலவே இருந்தது.

இந்த இசை ஆடுகிறவர் காலுக்காகப் பிறந்தது. அதைத் தெரிந்துகொண்டால், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாலும் அது வேறு மாதிரி கேட்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான். முதலில் காது, அப்புறம் கை, கடைசியில் கால் என்ற வரிசையில் போகலாம்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

லண்டனில் ஜான் ப்ளேஃபோர்ட் என்ற புத்தக வியாபாரி 1651-ல் 105 நடனங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார். ஒவ்வொரு நடனத்துக்கும் ஒரு மெட்டு, அதன் கீழே ஆடும் முறை. மன்னர் முதலாம் சார்ல்ஸ் தலை வெட்டப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. நாடக அரங்குகள் மூடிக் கிடந்த அந்த நாட்களிலும் நடனப் புத்தகம் விற்றது. புதிய நடனங்கள் சேர்ந்துகொண்டே வர, ஏறக்குறைய 1728 வரை பதிப்புகள் தொடர்ந்தன.

அந்தப் புத்தகத்தில் இருப்பது வெறும் மெட்டு வரி மட்டும். துணைச் சுரங்கள் எதுவும் கிடையாது. கீழே எந்தச் சுரம் நிற்க வேண்டும், எந்த வாத்தியம் எப்போது சேர வேண்டும் என்பதை வாசிக்கிறவரே முடிவு செய்ய வேண்டும். அதனால்தான் ஒரே மெட்டை இரண்டு குழுக்கள் வாசிக்கும்போது அடையாளம் தெரியாத அளவுக்கு வேறுபடுகிறது. கீர்த்தனையின் சுர வரிகளை மட்டும் பார்த்துப் பாட்டை எடைபோட முடியாது என்று நமக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வால்ட்ஸும் போல்காவும் நகரத்து மன்றங்களைப் பிடித்துக்கொண்டபோது இந்த நடனங்கள் கிராமத்துக் களஞ்சியங்களிலும் மதுக்கடைகளிலும் தங்கின. எழுத்தாளர் தாமஸ் ஹார்டியின் தாத்தாவும் அப்பாவும் டார்செட் பகுதி இசைக்காரர்கள். அப்பா வாசித்தது ஃபிடில், அதாவது வயலின். ஹார்டியும் சிறுவனாக இருந்தபோது அப்பாவோடு ஊர் நடனங்களுக்கு வாசிக்கப் போயிருக்கிறார். அந்தக் குடும்பத்தின் கையெழுத்து இசை நோட்டுகள் இன்றும் இருக்கின்றன. பிறகு செசில் ஷார்ப் கிராமங்களில் மிஞ்சியிருந்த நடனங்களைத் திரட்டினார், ப்ளேஃபோர்டின் பழைய குறிப்புகளையும் உடைத்துப் புரிந்துகொண்டு மறுபடி ஆட வைத்தார். 1911-ல் ஆங்கில நாட்டுப்புற நடனச் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. லண்டன் கேம்டனில் 1930-ல் திறந்த செசில் ஷார்ப் ஹவுஸ் இன்றுவரை இந்தக் கலைக்குத் தலைமை வீடு.

ஏன் இலையுதிர் காலம்

இந்த நடனத்துக்கு வருடம் முழுக்க இடம் உண்டு. ஆனாலும் அதன் ஆண்டு செப்டம்பரில்தான் பிறக்கிறது என்பேன். அறுவடை முடிந்து கடைசி வண்டிக் கதிர் களத்துக்கு வந்ததும் பண்ணைக்காரர் வேலையாட்களுக்கு விருந்து வைப்பது பழைய இங்கிலாந்தின் வழக்கம். கதிர் ஏறிய பிறகு களஞ்சியத்தின் தரையைக் கூட்டி ஒதுக்கி, ஒரு ஃபிடில்காரரை பீப்பாய் மேல் உட்கார வைத்து ஆடுவார்கள். அந்த விருந்துக்கும் அந்தக் கடைசி வண்டிக்கும் 'ஹார்வெஸ்ட் ஹோம்' என்று பெயர். அதே பெயரில் ஒரு ஹார்ன்பைப் மெட்டு இன்றும் எல்லா இசைக்காரர் விரலிலும் இருக்கிறது.

இன்றைக்கு வயல்வேலை செய்கிறவர்கள் மிகக் குறைவு. இருந்தும் காலக் கணக்கு மாறவில்லை. கோடையில் மூடிக் கிடந்த நடன மன்றங்கள் செப்டம்பரில் திறக்கின்றன. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் பல ஊர்களில் அறுவடை விருந்தோடு ஒரு நடனமும் இருக்கும். லண்டனில் செப்டம்பர் தொடக்கத்தில் மாலை ஏழே முக்கால் வரை வெளிச்சம் இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய பிறகு ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்த இருட்டில் ஈரத் தழைகளை மிதித்துக்கொண்டு நடந்து போய், கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஃபிடில் சத்தம் மோதுகிறதே, அதற்கு ஜூலை மாதம் ஈடாகாது.

முதல் படி: நடையைக் கண்டுபிடியுங்கள்

மெட்டின் பெயர், ஆண்டு எல்லாம் அப்புறம். முதலில் தொடையில் தாளம் போடுங்கள். 'தகிட தகிட' என்று இரண்டு அடியில் ஓடினால் அது ஜிக். நம் கணக்கில் திஸ்ர நடை. 'தகதிமி தகதிமி' என்று சமமாக ஓடினால் ரீல், அது சதுஸ்ரம். அதே சதுஸ்ரம் நொண்டி நொண்டி, ஒன்று நீண்டும் அடுத்தது குறுகியும் வந்தால் ஹார்ன்பைப். மூன்று அடிக்கு ஒரு தடவை தலை அசைந்தால் வால்ட்ஸ். மூன்று 'தகிட' சேர்ந்து வந்தால் ஸ்லிப் ஜிக்.

நம் ஆட்களுக்கு இது பத்து நிமிட வேலை. நாட்டுப்புறப் பாட்டிலும் சினிமாப் பாட்டிலும் திஸ்ர நடை நம் உடம்பில் ஊறியிருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்தவர்கள் சிலரே ஜிக்குக்கும் ரீலுக்கும் வித்தியாசம் பிடிபடாமல் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். கும்மி தட்டிய கைக்கு அந்தத் தடுமாற்றம் வருவதில்லை.

ஒன்று மட்டும் நமக்கும் புதிது. பழைய ஆங்கில ஹார்ன்பைப் மூன்று கால அளவில் வரும். அளவு என்றால் மெட்டின் ஒரு சிறு தாளக் கட்டம், ஆங்கிலத்தில் 'பார்'. ஒவ்வொரு அளவிலும் மூன்று பெரிய அடி, ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும். இதில் அழுத்தம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாமல் நடுவில் இடறும். அந்த இடறல்தான் அதன் அழகு. அவசரப்படாமல் நாலைந்து நாள் கேட்டால் பிடிபடும்.

இரண்டாம் படி: அறுபத்து நான்கு அடி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பாதி. முதல் பாதியை இரண்டு தடவை, இரண்டாம் பாதியை இரண்டு தடவை வாசிப்பார்கள். ஒவ்வொன்றும் 8 அளவு, மொத்தம் 32. ஓர் அளவுக்கு இரண்டு அடி நடந்தால் ஒரு சுற்றுக்கு 64 அடி. நிமிடத்துக்கு 115 அடி என்ற சாதாரண வேகத்தில் அது அரை நிமிடத்துக்குச் சற்று மேல். இரண்டாம் பாதி பெரும்பாலும் மேல் ஸ்தாயியில் எழும். பல்லவியிலிருந்து அனுபல்லவிக்கு ஏறும்போது மனசு நிமிருமே, அதே உணர்வு இங்கே அரை நிமிடத்துக்கு ஒரு தடவை வந்து போகும்.

இப்போது ஆட்டத்தைப் பொருத்துங்கள். எதிரெதிரே இரண்டு நீண்ட வரிசை. இசைக்குழு இருக்கும் நுனி 'மேல்', எதிர்நுனி 'கீழ்'. ஒரு வரிசையில் நிற்பவருக்கு எதிர் வரிசையில் ஜோடி. இரண்டு ஜோடி சேர்ந்து நால்வராக ஆடுவார்கள். முதல் பாதியின் முதல் 16 அடியில் நால்வரும் கைகோத்து இடப்பக்கம் சுற்றி, வலப்பக்கம் திரும்பி வருவார்கள். அடுத்த 16 அடியில் வலது கைகளை நடுவில் கோத்து நட்சத்திரம் போலச் சுற்றி, இடது கையில் திரும்பி வருவார்கள். மெட்டு மேலே ஏறும்போது முதல் ஜோடி நடுவில் இறங்கி ஓடித் திரும்பும், பிறகு வெளிப்பக்கமாகப் பிரிந்து ஓரிடம் கீழே வரும். கடைசி 16 அடியில் ஒவ்வொருவரும் தன் ஜோடியின் இரு கையையும் பிடித்துச் சுற்றுவார்கள். முடிந்ததும் முதல் ஜோடி ஓரிடம் கீழே, இரண்டாம் ஜோடி ஓரிடம் மேலே. மெட்டு மறுபடி தொடங்கும்போது எதிரில் புது முகங்கள்.

வரிசையின் நுனிக்கு வந்த ஜோடிக்கு ஆட ஆள் இருக்காது. ஒரு சுற்று சும்மா நின்றுவிட்டு, முதல் ஜோடி இரண்டாம் ஜோடியாகவும் இரண்டாம் ஜோடி முதலாகவும் மாறித் திரும்ப வேண்டும். மேல்நுனியில், இசைக்குழுவுக்குப் பக்கத்தில் அப்படி நிற்கும் அந்த அரை நிமிடம்தான் மெட்டைக் கேட்க மிகச் சிறந்த இடம். எந்தக் கச்சேரியிலும் இவ்வளவு பக்கத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு, வில் தந்தியில் உரசும் சத்தம் வரை கேட்கலாம்.

வீட்டில் கேட்கும்போதும் இதையே செய்யுங்கள். கண்ணை மூடி ஒரு ஜோடியை மனசில் நிறுத்தி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஓரிடம் கீழே அனுப்புங்கள். நல்ல குழு மூன்றாம் சுற்றில் ஒரு வாத்தியத்தை விலக்கும், ஐந்தாம் சுற்றில் துணைச் சுரத்தை மாற்றும், கடைசிச் சுற்றில் எல்லாரும் சேர்ந்து எழுப்புவார்கள். நம் ஜோடி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் அந்த மாற்றங்கள் எதற்காக என்பதும் தெரியும்.

மூன்றாம் படி: நம் வீட்டுக் கதவு வழியே

இந்த மெட்டுகள் நமக்கு முழுக்க அந்நியம் இல்லை. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைக் குழந்தைகள் பாடக் கேட்டிருப்பீர்கள். சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாசித்த மெட்டுகளுக்கு அவர் சங்கராபரணத்தில் சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். 'சந்ததம் பாஹிமாம்' ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பாட்டு. 'வந்தே மீனாக்ஷி' அயர்லாந்துப் பெயர் கொண்ட ரேக்ஸ் ஆஃப் மாலோ என்ற ஆட்ட மெட்டு. பிரிட்டன் முழுக்க நடன மன்றங்களில் இன்றும் அதை வாசிக்கிறார்கள். அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர்தான் ஐரோப்பியரிடம் வயலின் கற்று அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களில் முன்னவர். அந்த ஆட்ட மெட்டு வாசித்த ஃபிடிலும் நம் மேடையில் உட்கார்ந்திருக்கும் வயலினும் ஒரே வாத்தியம்.

அதனால் முதல் பயிற்சிக்கு 'வந்தே மீனாக்ஷி'யைப் பாடிப் பாருங்கள். பிறகு ரேக்ஸ் ஆஃப் மாலோவை ஒரு நடனக் குழு வாசிப்பதைத் தேடிக் கேளுங்கள். தெரிந்த மெட்டு காலுக்கு வரும்போது எவ்வளவு துள்ளுகிறது என்று பார்த்தால் பாதி வழி வந்துவிட்டது.

ராகம் பிடிக்கும் காது இருந்தால் இன்னொரு சந்தோஷம் காத்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு மெட்டுகள் பெரும்பாலும் சங்கராபரண அமைப்பில் இருக்கும். ப்ளேஃபோர்டின் 1651 தொகுப்பு போன்ற பழையவற்றில் கரஹரப்ரியா, நடபைரவி, ஹரிகாம்போஜி அமைப்புகள் தலைகாட்டும். இங்குள்ளவர்கள் அவற்றை டோரியன், ஏயோலியன், மிக்ஸோலிடியன் என்பார்கள். கமகம் இல்லை, ஆகவே ராகம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அக்டோபர் மாலையில் கரஹரப்ரியா அமைப்பில் ஒரு பழைய மெட்டு மெதுவாக நகரும்போது தொண்டையில் ஏதோ செய்கிறது.

நான்காம் படி: தொடங்க ஐந்து மெட்டுகள்

'ஹோல் இன் தி வால்' என்பதிலிருந்து தொடங்குங்கள். ஹென்றி பர்செல் 1695-ல் ஒரு நாடகத்துக்காக எழுதிய மூன்று கால ஹார்ன்பைப் இது. சில ஆண்டுகளிலேயே ப்ளேஃபோர்டின் புத்தக வரிசை அதை நடனமாக்கிவிட்டது. பர்செல் அதே ஆண்டு நவம்பர் 21 அன்று, முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிலேயே இறந்துபோனார். மெதுவான, நிமிர்ந்த, கொஞ்சம் தனிமையான மெட்டு. நவம்பர் மாதத்துக்கு என்றே நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

'ஸ்டிங்கோ' 1651 தொகுப்பில் இருக்கிறது. 'பார்லி எண்ணெய்' என்று அதற்கு இன்னொரு பெயர். பார்லியிலிருந்து வடித்த கெட்டியான ஏல் மதுவைத்தான் அப்படிச் சொன்னார்கள். அறுவடை முடிந்த பருவத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டாம்.

'மிஸ்டர் பெவரிட்ஜஸ் மேகட்' 1695-ல் அச்சானது. மேகட் என்றால் இன்று புழு. அன்று மனசில் திடீரென்று நுழையும் ஓர் ஆசை, கிறுக்கு எண்ணம் என்றும் பொருள். யாரோ ஒரு பெவரிட்ஜின் அந்த எண்ணம் முந்நூறு ஆண்டுகளாக ஆடிக்கொண்டிருக்கிறது. ஜேன் ஆஸ்டின் கதைகளை 1990-களில் திரைக்கு எடுத்தவர்கள் இந்த நடனத்தைப் பயன்படுத்தியதால் உலகம் முழுக்க இது பிரபலம். ஆஸ்டின் காலத்திலேயே இது நூறு வயதான பழைய நடனம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

'செலஞ்சர்ஸ் ரவுண்ட்' வட்டமாக ஆடும் திஸ்ர மெட்டு. வில்லியம் பேர்ட் இதை வைத்து விசைப்பலகைக்கு மாறுபாடுகள் எழுதியிருக்கிறார். குழந்தைகளோடு கேட்க இதுதான் நல்லது, அவர்கள் தாமாகவே சுற்றத் தொடங்கிவிடுவார்கள். ஐந்தாவது 'சோல்ஜர்ஸ் ஜாய்'. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஃபிடில்காரர்கள் விடாமல் வாசித்து வரும் ரீல். இதில் நினைக்க ஒன்றுமில்லை, கால் பார்த்துக்கொள்ளும்.

யார் வாசித்துக் கேட்பது? லெவரெட் என்ற மூவர் குழுவை முதலில் சொல்வேன். ஃபிடில், கான்செர்டினா, பட்டன் அக்கார்டியன் மூன்றும்தான். முன்கூட்டியே அமைத்து வைக்காமல், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார்கள். நம் பக்கவாத்தியக்காரர்களின் கவனத்தை அங்கே காணலாம். 2015-ல் வந்த அவர்களுடைய முதல் தொகுப்பு 'நியூ எனிதிங்'. துள்ளல் வேண்டுமானால் 1974-ல் தொடங்கிய ஓல்ட் ஸ்வான் பேண்ட். அயர்லாந்து, ஸ்காட்லாந்து ரீல்களின் வேகம் எல்லா இடத்தையும் நிரப்பியிருந்த நேரத்தில், தென் இங்கிலாந்தின் நிதானமான, மிதித்து எழும்பும் நடையை அவர்கள் மீட்டார்கள். 1977-ல் வந்த அவர்கள் தொகுப்புக்கு 'ரீல்கள் கிடையாது' என்ற பொருளில் பெயர் வைத்ததே அதற்காகத்தான். இன்னும் வேருக்குப் போக நினைப்பவர்கள் சசெக்ஸில் வாழ்ந்த ஸ்கான் டெஸ்டரின் பதிவுகளைத் தேடுங்கள். 1887-ல் பிறந்து 1972 வரை இருந்தவர், மதுக்கடைகளில் கான்செர்டினா வாசித்தே பெயர் வாங்கியவர். பதிவில் தூசி இருக்கும், தரை அதிரும் சத்தம் இருக்கும். அதுதான் வேண்டும்.

வாத்தியங்களைப் பற்றிக் கொஞ்சம்

கான்செர்டினா பிறந்தது லண்டனில். சார்ல்ஸ் வீட்ஸ்டன் என்ற அறிவியலாளர் 1829-ல் எடுத்த காப்புரிமையிலிருந்து வளர்ந்த வாத்தியம் அது. ஆறு பக்கப் பெட்டி, இரண்டு கைக்கு நடுவே துருத்தி. ஹார்மோனியம் போலவே உலோக நாக்குகள்தான் ஒலிக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் முதல் சுரத்துக்கு முன்னால் துருத்தி மெல்ல மூச்செடுப்பதும், பொத்தான்கள் நகம் தட்டுவது போல டிக் டிக் என்று அமுங்குவதும் கேட்கும். மெலோடியன் எனப்படும் பட்டன் அக்கார்டியனில் துருத்தியை இழுத்தால் ஒரு சுரம், தள்ளினால் வேறு சுரம். அதனால்தான் மெலோடியன் வாசிப்பவர் மெட்டில் இயல்பாகவே ஒரு குலுக்கல் வந்துவிடுகிறது.

ஐந்தாம் படி: வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு

வயலின் கற்றவர்கள் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். மெட்டுகள் பெரும்பாலும் ஜி, டி சுருதியில் இருக்கும். முதல் நிலையிலேயே முழு மெட்டும் விரலுக்கு வந்துவிடும். நமக்குக் கடினமானது விடுவதுதான். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் பழக்கத்தை இங்கே அடக்க வேண்டும். எல்லா அழகும் வில்லில் இருக்கிறது. அடி விழும் இடத்தில் வில் கடித்து, உடனே தளர வேண்டும். ஆடுபவர் கால் தரையில் பட்டு எழும்புவதைப் பார்த்துக்கொண்டே வாசித்தால் அது சீக்கிரம் வரும்.

மெட்டுகளைத் தேட செசில் ஷார்ப் ஹவுஸில் உள்ள வான் வில்லியம்ஸ் நினைவு நூலகத்தின் இணையத் தொகுப்பு இருக்கிறது. வில்லேஜ் மியூசிக் ப்ராஜெக்ட் என்ற முயற்சி, ஊர் இசைக்காரர்களின் பழைய கையெழுத்து நோட்டுகளைப் படியெடுத்து இலவசமாகத் தருகிறது. நோட்டேஷன் தெரியாவிட்டால் காதால் கற்றுக்கொள்ளுங்கள். மெட்டு சின்னது, ஒரு மாலைக்கு ஒன்று போதும்.

ஒரு எச்சரிக்கை. இலையுதிர் காலத்தில் வீட்டில் ஹீட்டர் போடத் தொடங்கியதும் காற்று காய்ந்துவிடும். மரம் சுருங்கி, வயலின் முளைகள் பிடி விட்டு, பெட்டியைத் திறக்கும்போது தந்தி தளர்ந்து கிடக்கும். எனக்கு ஒரு அக்டோபரில் இரண்டு தந்தி ஒரே நாளில் அவிழ்ந்து, தந்திகளைத் தாங்கும் குதிரை சாய்ந்து கிடந்தது. வயலினை ஹீட்டர் பக்கம் வைக்காதீர்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் தரும் சின்னக் குழாய் ஒன்று போடுங்கள். மன்றத்துக்குப் போனதும் பத்து நிமிடம் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் சுருதி சேருங்கள்.

ஒரு நாள் ஒதுக்குங்கள்: ஆபட்ஸ் ப்ரோம்லி

இது கன்ட்ரி டான்ஸ் வகை இல்லை, சடங்கு நடனம். ஆனாலும் இங்கிலாந்தில் இருப்பவர்கள் செப்டம்பரில் இதைப் பார்க்காமல் விடக் கூடாது. ஸ்டாஃபோர்ட்ஷையரில் ஒரு சின்ன ஊர் ஆபட்ஸ் ப்ரோம்லி. செப்டம்பர் 4-க்கு அடுத்து வரும் முதல் ஞாயிறு எதுவோ, அதற்கு மறுநாள் திங்களன்று, செயின்ட் நிக்கலஸ் தேவாலயத்தின் சுவரிலிருந்து ஆறு ஜோடி கலைமான் கொம்புகளை இறக்குகிறார்கள். பனிப்பிரதேசத்து ரெயின்டியர் கொம்புகள் அவை. கரிம ஆய்வில் பதினொன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. கனமான ஜோடி 11 கிலோவுக்கு மேல். அதை ஏந்திய ஆறு பேர், ஒரு கோமாளி, ஒரு பொய்க்கால் குதிரை, வில்லாளி, ராபின் ஹூட் கதையில் வரும் மெய்ட் மரியன், மெலோடியன் வாசிப்பவர், முக்கோணம் தட்டும் ஒருவர் என்று பன்னிரண்டு பேர். காலை எட்டு மணிக்குத் தொடங்கி மாலை வரை ஊரையும் பண்ணைகளையும் சுற்றி நடந்து ஆடுகிறார்கள்.

பொய்க்கால் குதிரை நம்முடையது போல அலங்காரக் குதிரை இல்லை, வாயைத் திறந்து மூடித் தாளம் தட்டும் மரத்தலை. ஆனாலும் அதைப் பார்த்ததும் தஞ்சாவூர் ஞாபகம் வராமல் இருக்காது. நல்ல காலணி போட்டுக்கொண்டு, அவர்கள் பின்னால் ஒரு மைலாவது நடங்கள்.

கடைசிப் படி: மன்றத்துக்குப் போங்கள்

இரண்டு வகை நடன இரவுகள் உண்டு. 'ப்ளேஃபோர்ட்' என்றோ 'இங்கிலிஷ் கன்ட்ரி டான்ஸ்' என்றோ போட்டிருந்தால் ஒவ்வொரு நடனத்துக்கும் அதற்கே உரிய மெட்டு, நடந்தபடி ஆடும் மென்மையான ஆட்டம். 'பார்ன் டான்ஸ்' அல்லது 'கெய்லி' என்றால் எந்த ஜிக், ரீலுக்கும் ஆடும் துள்ளல் ஆட்டம், புதியவர்கள் நிறைய இருப்பார்கள். முதல் தடவைக்கு பார்ன் டான்ஸ் போங்கள். மனசு பிடித்துப்போனால் அப்புறம் ப்ளேஃபோர்ட் மன்றத்தில் வாராவாரம் சேருங்கள். என் மனசு இரண்டாவதில்தான் இருக்கிறது. ஆனால் முதல் இரவிலேயே அங்கே போனால் அரைமணி நேரத்தில் தலை சுற்றும்.

வழுக்கும் மென்மையான தோல் அடிக் காலணி நல்லது. ரப்பர் அடி தரையைப் பிடித்து முழங்காலைத் திருகிவிடும். மன்றம் தொடக்கத்தில் குளிரும், இரண்டாவது நடனத்தில் வியர்க்கும். ஆகவே மேலே கழற்றக்கூடிய ஸ்வெட்டர் ஒன்று, உள்ளே மெல்லிய பருத்தி. புடவையிலும் ஆடலாம், முந்தானையைச் செருகிக்கொண்டால் போதும், சல்வார் இன்னும் வசதி. தண்ணீர் பாட்டில், வாசலில் கொடுக்கக் கொஞ்சம் சில்லறை. ஜோடி தேவையில்லை. யாரையும் கேட்கலாம், நம்மையும் கேட்பார்கள். ஒவ்வொரு நடனத்துக்கும் ஜோடி மாற்றுவதுதான் இங்கே மரியாதை.

மேடையில் ஒருவர் ஆட்டத்தைச் சொல்லித் தருவார், இசை இல்லாமல் ஒரு தடவை நடத்திக் காட்டுவார். அவரைக் காலர் என்பார்கள். அவர் பேசும்போது பேசாதீர்கள். 'மேலே' என்றால் இசைக்குழு இருக்கும் பக்கம், 'கீழே' என்றால் எதிர்ப்பக்கம். ஊர் மன்றத் தரையில் பெரும்பாலும் இறகுப்பந்துக் கோடுகள் வரைந்திருக்கும், வரிசை கோணினால் அந்தக் கோட்டைப் பார்த்து நில்லுங்கள்.

சுற்றும்போது தலை சுற்றினால் எதிரில் இருப்பவரின் கண்ணைப் பாருங்கள். முன்பின் தெரியாதவரை நேருக்கு நேர் பார்ப்பது நம் வளர்ப்புக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஆனால் அங்கே அந்தப் பார்வைக்கு 'நான் உன்னைப் பிடித்திருக்கிறேன், விழ மாட்டாய்' என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. கையைத் தொங்கவிடாமல் லேசாக இழுத்துப் பிடியுங்கள். கிணற்றுக் கயிற்றைப் போல இரண்டு பக்கமும் விறைப்பு இருந்தால்தான் சுற்றல் சுழலும்.

தவறிப்போனால் நின்றுவிடாதீர்கள். எங்கே போக வேண்டும் என்று தெரியாவிட்டால் அடுத்த 16 அடி தொடங்கும் இடத்துக்குப் போய் நில்லுங்கள், மெட்டு வந்து சேர்த்துக்கொள்ளும். பாதி திரும்பி எழும் இடம் காதில் விழுந்ததும் கால் தானாகச் சரியாகும். இரண்டாம் படியில் எண்ணியதெல்லாம் இதற்குத்தான்.

இடைவேளையில் பெரிய கொதிகலனிலிருந்து தேநீர், தட்டில் பிஸ்கட். அப்போது இசைக்குழுவிடம் போய்ப் பேசுங்கள். இப்போது வாசித்த மெட்டின் பெயர் என்ன என்று கேட்டால் முகம் மலர்ந்து சொல்வார்கள். எங்கள் ஊர் மன்றத்தில் ஃபிடில் வாசிக்கும் பெரியவர் ஒருவர், நான் கேட்ட மெட்டை ஒரு பழைய உறையின் பின்பக்கம் எழுதிக்கொடுத்து, இரண்டாம் பாதியை மெதுவாக இரண்டு தடவை வாசித்தும் காட்டினார்.

இரவு கடைசியில் வால்ட்ஸ் வரும். வரிசை கிடையாது, இடம் மாறுவது கிடையாது, பிடித்தவரோடு தரை முழுக்க மெதுவாகச் சுற்றலாம். ஆட விருப்பமில்லாவிட்டால் சுவரோரம் உட்கார்ந்து கேளுங்கள். அது முடிந்ததும் எல்லாரும் சேர்ந்து நாற்காலிகளை அடுக்குவார்கள். நீங்களும் ஒரு கை கொடுங்கள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, கேட்ட மெட்டுகளின் பெயர்களை வாசலிலேயே போனில் குறித்துக்கொள்ளுங்கள். வெளியே குளிர்ந்த காற்றில் நாலு அடி வைத்ததும் பெயர்கள் மறந்துவிடும், மெட்டு மட்டும் நடையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும்.